அத்தை நம்பிய ஒரே விளக்கு

எங்கள் வீட்டுப் பூட்டுக்கு வாய் இருந்தால் அத்தை மேல் என்றைக்கோ புகார் கொடுத்திருக்கும். பூட்டியபின் ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். இரண்டு மாடி இறங்கியபின் திரும்ப ஏறி வந்து எட்டாவது தடவை இழுப்பார். ஒருநாள் வேண்டுமென்றே உள்ளே ஒளிந்திருந்து, அந்த எட்டாவது இழுப்புக்குக் கதவின் மறுபக்கத்திலிருந்து "யாரு வேணும்?" என்று கட்டைக் குரலில் கேட்டேன். அன்றிலிருந்து வீட்டைப் பூட்டும் முன் தலைகளை எண்ணும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. எனக்குக் குட்டிச்சாத்தான் என்று பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தாராம். அவர் போனதும் அத்தை அவருடைய ஆபீசுக்கு வேறு குரலில் போன் போட்டு, அப்படி ஒருவர் அங்கே வேலை செய்கிறாரா, எத்தனை மணிக்கு வருவார், யாரோடு சாப்பிடுவார் என்று விசாரித்திருக்கிறார். மாப்பிள்ளை அதன்பின் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. "ஒளிக்க ஏதோ இருந்திருக்கு" என்பது அத்தையின் தீர்ப்பு. இத்தனை வருடத்தில் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கும் உலகம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன கம்பெனி. மொத்தம் பதினாலு பேர். மற்றவர்கள் எழுதுவார்கள், விற்பார்கள். அத்தை ஒருவர்தான் சந்தேகப்படுவார். எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று தெரிந்த அன்று அப்பா, "கடவுள் இருக்கார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வாரத்தில் வியாழனும் வெள்ளியும் அத்தை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே அச்சகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டு வீட்டோடு இருந்தேன் நான். ஆக அந்த இரண்டு நாளும் சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் அத்தை, மறுமுனையில் நான், நடுவில் ஊறுகாய் பாட்டில். என்னை ஏதாவது படிக்கச் சொல்லி ஒரு புத்தகத்தையும் திறந்து வைத்திருப்பார். நான் படித்தது எல்லாம் அத்தையைத்தான்.

ஒருமுறை அவருடைய மவுசின் வயிற்றில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தேன். திரையில் அம்பு நகரவில்லை. அத்தை ஒன்றரை மணி நேரம் ஆபீஸ் தாடிக்காரரைச் சந்தேகப்பட்டார். தாடிக்காரர்தான் அங்கே மூத்த புரோகிராமர். அவர் ஏதோ வைரஸை ஏவிவிட்டதாகவே முடிவுகட்டி, கடிதம் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். மவுசைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

தாடிக்காரர் மேல் அத்தைக்கு இருந்த கோபம் காரணமில்லாதது அல்ல. எதைத் தப்பு என்று சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும்: "என் மெஷின்ல ஓடுதே மேடம்." அவருடைய கணினியில் ஓடும், சில நேரம் அத்தையின் கணினியிலும் ஓடும், ஆஸ்பத்திரியில் ஓடாது. போன வருடம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வலது கண் என்று பதிந்ததை மென்பொருள் இடது கண் என்று காட்டியது. ஒரு நர்ஸ் பார்த்துவிட்டதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஆபீசில், எழுதியவரை விட்டுவிட்டுச் சோதித்தவரைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார வேண்டியிருக்கும் என்று முதலாளி சிரித்த முகமாகச் சொன்னாராம். அந்தச் சிரிப்பைத்தான் அத்தையால் மறக்க முடியவில்லை.

அடுத்து வந்த வேலை ரத்த வங்கிக்கு. எந்த ரத்தப் பை என்றைக்குக் கெட்டுப்போகும், எது யாருக்குப் போக வேண்டும் என்று கணக்கு வைக்கும் மென்பொருள். இந்த முறை அத்தை முந்திக்கொண்டார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சோதனைக்கூடம் தானே அமைத்துத் தருவதாகச் சொன்னார். ஆறு வாரம் கிடைத்தது. ஆறாவது வெள்ளிக்கிழமை எல்லாம் சரி என்று அத்தை கையெழுத்துப் போட வேண்டும், திங்கள்கிழமை அது ரத்த வங்கிக்குப் போகும். கையெழுத்து சரியாக இருந்தால் நாற்காலி இருக்கும்.

அந்தச் சோதனைக்கூடத்தைக் கன்டெய்னர்களில் கட்டினார். கப்பலில் போகும் இரும்புப் பெட்டி என்று நினைத்து நான் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தது உண்மை. அது வேறு. கணினிக்குள்ளேயே ஒரு குட்டி வீடு. மென்பொருள், அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் எந்த அளவில், எந்த ரகத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், யாருடைய கணினியிலும் அச்சு மாறாமல் அதே வீடு எழும்பும். ஒரு பெட்டியில் மென்பொருள், இன்னொன்றில் ரத்தப் பைகளின் தகவல் கிடங்கு, மூன்றாவதில் சோதனைகள். வீட்டை எழுப்பு, உள்ளே போய்ச் சண்டை போட்டுப் பார், அப்புறம் இடித்துத் தரைமட்டமாக்கு. அடுத்த முறை மறுபடி புது வீடு. "இனிமே 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு எவனும் பேச முடியாது" என்று அத்தை சொன்னபோது, பல்லைக் கடித்த சத்தம் எனக்கு மேஜையின் மறுமுனை வரை கேட்டது.

முதல் இரண்டு வாரம் வீடு எழும்பவே இல்லை. சோதனைப் பெட்டி முதலில் எழுந்து ஓடிப்போய்க் கிடங்கின் கதவைத் தட்டும். கிடங்கு அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும். பதில் இல்லை என்று சோதனை கோபித்துக்கொண்டு செத்துப்போகும். அத்தை முதலில் தாடிக்காரரைச் சந்தேகப்பட்டார், பிறகு இணைய இணைப்பைச் சந்தேகப்பட்டார், அப்புறம் என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டச் சொன்னார். கடைசியில், கிடங்கு எழுந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் தட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதினார். சரியாகிவிட்டது. என்னிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் வேறு வில்லங்கம். சோதனை பாதியில் நின்றால் பழைய பெட்டிகள் இடிபடாமல் அப்படியே கிடக்கும். புதிதாக எழும்பும் வீட்டுக்கு இடம் இருக்காது. பழைய ரத்தப் பைகளும் புதிய ரத்தப் பைகளும் கலந்துபோய் ஒரே சிவப்பு. அத்தை பெரிய வட்டமாக ஒரு விளக்கைத் திரையில் வைத்திருந்தார். எல்லாச் சோதனையும் தேறினால் பச்சை, ஒன்று தோற்றாலும் சிவப்பு. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும்போது யார் உட்கார்ந்து படிப்பது? விளக்கைப் பார்த்தால் போதும். அந்த விளக்கு ஒரு வாரம் முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. அத்தை சாப்பிட்ட தட்டை எடுக்க மறந்தார். பூட்டை ஐந்து தடவையோடு விட்டுவிட்டுப் போனார்.

நாலாவது வாரம், எல்லாம் முடிந்ததும் வீட்டைச் சுத்தமாக இடித்துவிட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். விளக்கு பச்சையானது. மறுபடி ஓட்டினார், பச்சை. இருநூற்றுப் பதினொரு சோதனைகள், அத்தனையும் பச்சை.

அன்றைக்கு அத்தை தானாக எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார். சர்க்கரை டப்பாவில் நான் உப்பைக் கொட்டி வைத்திருந்தது ஞாபகம் வந்து, ஓடிப்போய் மாற்றினேன். அன்றைக்கு மட்டும் மனசு வரவில்லை.

ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள். தாடிக்காரர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினார். அத்தை அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கி இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தார். இவன் எதற்குப் பாராட்டுகிறான், இதில் என்ன உள்குத்து என்று என்னிடமே கேட்டார். கட்டைவிரலைச் சந்தேகப்பட்டார், முதலாளி அனுப்பிய பூங்கொத்துப் படத்தைச் சந்தேகப்பட்டார். பச்சை விளக்கை மட்டும் சந்தேகப்படவில்லை.

கையெழுத்துக்கு முந்தின நாள், வியாழன். மத்தியானம் அத்தை குளிக்கப் போனார். லேப்டாப் திறந்தபடி இருந்தது. அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதுதான் அழைப்பிதழ் மாதிரி இருந்தது. ஐந்து வாரம் எதிரில் உட்கார்ந்து பார்த்ததில் சோதனை எப்படி எழுதுகிறார், எதைத் தட்டினால் ஓடும் என்று எனக்கும் பிடிபட்டிருந்தது. ஐந்தாம் நம்பர் சோதனை: காலாவதியான பையை வெளியே கொடுக்கக் கூடாது. 'கூடாது' என்ற இடத்தை 'கொடுக்கலாம்' என்று திருப்பி வைத்தேன். அத்தை வந்து ஓட்டுவார், சிவப்பாகும், அலறுவார், ஒரு நிமிஷம் ரசித்துவிட்டுச் சொல்லிவிடலாம். இவ்வளவுதான் திட்டம்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஓட்டினார். நான் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பச்சை.

அத்தை தலையாட்டிவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனார். என் விளையாட்டு ஒன்று புஸ்ஸென்று போனது அதுவே முதல் தடவை. இடம் மாற்றித் தொட்டுவிட்டேனோ என்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். சரியான இடம்தான். கடைசியில் புதிதாக ஒரு சோதனை எழுதினேன்: இரண்டும் இரண்டும் ஐந்து. கணக்கில் இரண்டு முறை தோற்றவளுக்கே அது தப்பு என்று தெரியும். ஓட்டினேன். விளக்கு கொஞ்சமும் வெட்கப்படாமல் பச்சையாக எரிந்தது.

சொன்னால் லேப்டாப்பைத் தொட்டது தெரிந்துவிடும். அதைவிட, நாளைக்கு அத்தை கையெழுத்துப் போட முடியாது. சொல்லாவிட்டால் திங்கள்கிழமை அது ரத்த வங்கிக்குப் போய்விடும். ஊறுகாய் பாட்டிலை நாலு தடவை திறந்து மூடினேன். அத்தை காலி வாளியோடு இறங்கி வந்தார்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டக் கூடாதுன்னு ஆரம்பிச்சாலே திட்டுற விஷயம்தான். என்னத்த உடைச்ச?"

"உடைச்சேன். உடையல. அதான் பிரச்சினை."

முழுவதும் சொன்னேன். அத்தை வாளியைக் கீழே வைக்கவில்லை. வேறு எதைத் தொட்டாய் என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றாவது தடவை, நடுவில் புகுந்து என்னைத் தடுமாற வைக்கப் பார்த்தார். நான் விளக்கையே பச்சையாக ஒட்டி வைத்துவிட்டு இப்போது நாடகம் ஆடுகிறேன் என்பது அவருடைய முதல் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அந்த யோசனை எனக்கு முன்னாலேயே வந்திருந்தால் செய்திருப்பேன்.

அப்புறம் "தள்ளு" என்று உட்கார்ந்து, தானே ஒரு சோதனை எழுதினார். கறுப்பும் வெள்ளையும் ஒன்று. ஓட்டினார். பச்சை.

ஓட்டும் வரிகளை மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். விரல் கடைசி வரியில் நின்றது. வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"கடைசியா வீட்டை இடிச்சுப் பூட்டினது நான்தான்" என்றார்.

எனக்கு அவர் விளக்கிச் சொன்னது இதுதான். அந்த விளக்கு, எந்த வேலை கடைசியாக முடிந்ததோ அது நன்றாக முடிந்ததா என்று மட்டும்தான் பார்க்கும். நாலாவது வாரத்திலிருந்து கடைசி வேலை, பெட்டிகளை இடிப்பது. அது ஒவ்வொரு முறையும் சுத்தமாக நடந்தது. சமையல் எப்படி இருந்தது என்று கேட்டால் பாத்திரம் பளபளவென்று கழுவியாச்சு என்று இத்தனை நாளும் பதில் சொல்லியிருக்கிறது விளக்கு. வாசலைப் பூட்டிப் பூட்டிப் பார்க்கிற ஆள், அந்தப் பூட்டுகிற வேலையிலேயே கோட்டை விட்டிருந்தார்.

இடிப்பதற்கு முன்பே சோதனையின் முடிவை ஒரு மூலையில் குறித்து வைத்து, இடித்தபின் அதை விளக்கில் காட்டும்படி மாற்றினார். ஓட்டினார். சிவப்பு. மொத்தம் பதினொன்று தோற்றிருந்தன. அதில் மூன்று நாங்கள் எழுதிய பொய்கள். மீதி எட்டும் நிஜம். பல நாள் முன்பே காலாவதியான பைகளைத் தடுத்த மென்பொருள், நேற்றோடு காலாவதியான ரத்தப் பை ஒன்றை, இன்று கொடுக்கத் தயார் என்ற வரிசையில் முதலாவதாக நிறுத்தியிருந்தது.

நான் ஒரு வழி சொன்னேன். எட்டுத் தப்பையும் இன்றைக்குத்தான் கண்டுபிடித்ததாக அனுப்பிவிடலாம். விளக்கு கெட்டிருந்தது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நாற்காலி பத்திரமாக இருக்கும். சொல்லப்போனால் பாராட்டுகூடக் கிடைக்கும்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வாரமா பச்சைன்னு நம்பி ஆபீஸ்ல மேல மேல எழுதிட்டே போயிருக்காங்க. அதையெல்லாம் யாரு திரும்பப் பார்க்கிறது? நீயா?"



வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம், திரையில். அத்தை தலையை இழுத்து வாரி, இஸ்திரி போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகும் ஆள் மாதிரியும் இருந்தது, கோர்ட்டுக்குப் போகும் ஆள் மாதிரியும் இருந்தது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னை அங்கே நிற்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொன்னார். தன் விளக்கு இரண்டு வாரமாகப் பொய் சொன்னது என்றும், அந்த வரியை எழுதியது தான்தான் என்றும், அதனால் இன்றைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார். எட்டுத் தப்பையும் ஒவ்வொன்றாக வாசித்தார். குரல் நடுங்கவில்லை. மேஜைக்கு அடியில் கால்கட்டைவிரல் மட்டும் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"போன தடவையே நான் உங்ககிட்ட சொல்லியிருந்தேன்" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் சார்." குறுக்கே வந்தது தாடிக்காரர் குரல். "போன வாரம் நான் ஒரு வரியைத் தப்பா எழுதி அனுப்பிட்டேன். பச்சைன்னு வந்துச்சு. எனக்கே ஆச்சரியம். சத்தமில்லாம திருத்திட்டு விட்டுட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று முதலாளி கேட்டார்.

"மேடம் பார்த்து பச்சைன்னு சொன்னா அப்புறம் யாரு சார் சந்தேகப்படுவா? ஆபீஸ்ல தன் டிராயரையே பத்து தடவை இழுத்துப் பார்க்கிறவங்க. அவங்க நம்பினா நாங்களும் நம்பிடுவோம்."

அத்தையின் கால் தோண்டுவதை நிறுத்தியது. ரத்த வங்கியிடம் இரண்டு வாரம் தவணை கேட்பதாகவும், மற்றதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை. முடிக்கும்போது, இதை எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

"வீட்டுல நம்ப முடியாத ஆள் ஒண்ணு இருக்கு சார்" என்றார் அத்தை.

திரையை மூடியதும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தத் தாடிக்காரன் எதுக்கு எனக்காகப் பேசினான்? ஏதோ இருக்கு."

இரண்டு வாரத்தில் அந்த எட்டோடு இன்னும் நாலு தப்பு அகப்பட்டன. பன்னிரண்டையும் திருத்தியபின் அத்தை கையெழுத்துப் போட்டார். நாற்காலியைப் பற்றி முதலாளி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வேலைப் பட்டியல் வந்தபோது சோதனை என்ற இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். அந்த மௌனத்தின் அர்த்தம் என்ன என்று அத்தை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

இப்போது அவர்களிடம் புதுசாக ஒரு முறை இருக்கிறது. தினமும் முதல் சோதனை ஒரு பொய்யாக இருக்க வேண்டும். அது தனியாக ஓடும், அது தோற்றே ஆக வேண்டும். பொய் தேறிவிட்டால் அன்றைய பச்சையை யாரும் நம்பக் கூடாது. அந்தச் சோதனைக்கு அத்தை வைத்த பெயர் குட்டிச்சாத்தான். தாடிக்காரர் உட்பட எல்லோரும் காலையில் வந்ததும், "குட்டிச்சாத்தான் செவந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்களாம்.

லேப்டாப்பின் பாஸ்வேர்டை அத்தை அன்றைக்கே மாற்றிவிட்டார். தட்டும்போது இடது கையால் மறைத்துக்கொள்கிறார். ஆனால் போன வியாழக்கிழமை திரையை என் பக்கம் திருப்பினார். ஒரே பொய்யை ரொம்ப நாள் வைத்திருந்தால், மென்பொருள் எழுதுகிறவர்கள் அதையும் ஏமாற்றிவிடுவார்களாம். புதுசாக ஒன்று வேண்டும் என்றார். எழுத வேண்டிய ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, மீதித் திரையைச் செய்தித்தாளால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

அத்தை பூட்டை இழுக்கும் தடவை என்று தலைப்புப் போட்டு, எட்டும் ஒன்றும் சமம் என்று எழுதினேன்.

ஓட்டினார். சிவப்பு. அத்தை அதைப் படித்தார், இன்னொரு முறை படித்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மவுசைத் திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தார்.